காசிமாலி அகாய் முதலிடம்

ஆசிரியர்களுக்கான இணையப் பயிற்சியில் என் கணவர் மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்தார். அப்போது அவரை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் உயிரோடு இருந்தேன். எல்லா வேலையையும் குறித்த நாளில் முடித்துக் கொடுத்தேன். கடைசி இடத்தில் இருந்தேன்.

இதை நான் பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். சரிதான்.

பயிற்சியின் பெயர் 'சேர்ந்து சிந்திப்போம்'. ஆசிரியர் கூட்டு வளர்ச்சி மையம் நடத்தியது. எங்கள் கிசில்-பெல் பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்ப வேண்டும் என்று ஆணை வந்ததும், வரலாற்று ஆசிரியரான காசிமாலியையும் புவியியல் ஆசிரியையான என்னையும் தலைமையாசிரியை ஊல்கான் எழுதிப்போட்டுவிட்டார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் என்றால் ஒரு கைப்பேசி போதும் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊரில் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறி நின்றால்தான் இணையம் வரும். செம்மறிகளும் அங்கேதான் மேயும். ஆகவே நாங்கள் செம்மறிகளோடு சேர்ந்துதான் சிந்தித்தோம்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் ஒரு குழு. ஒன்றாகத் தொடங்கியவர்கள் ஒன்றாக முடிக்க வேண்டும்; ஒருவர் நின்றுபோனாலும் குழு கலைக்கப்படும், மீதி நால்வரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து வாரமும் வாரத்துக்கு ஒரு சிந்தனைக் குறிப்பு எழுத வேண்டும். மற்ற நால்வரும் அதன் கீழே ஒரு பாராட்டும், குறைந்தது ஒரு ஆலோசனையும் எழுத வேண்டும். குறிப்புக்கு இருபது மதிப்பெண். வருகிற ஒவ்வோர் ஆலோசனைக்கும் இரண்டு குறையும். ஆலோசனை சொல்ல இடமிருந்தது என்றால் குறை இருந்தது என்றுதானே பொருள் என்று கையேடு விளக்கியது. யாராவது மனம் நெகிழ்ந்து இதயக் குறி போட்டால் ஒன்று கூடும். தேறுவதற்கு எழுபது வேண்டும்.

எனக்குக் கூட்டல் தெரியும். நால்வரும் கட்டாயமாக ஆலோசனை சொன்னால் வாரத்துக்குப் பன்னிரண்டு, ஐந்து வாரத்துக்கு அறுபது. இதயம் கிடைக்காதவர் என்ன செய்தாலும் தேற முடியாது. எங்கள் குழுவின் ஒருங்கிணைப்பாளரான நூர்தீனிடம் இதைக் கேட்டேன். அவனுக்கு என் மகன் வயதிருக்கும். ஆனாலும் ஆசிரியைகளை எல்லோரும் கூப்பிடுவதுபோல, அக்கா முறை வைத்து 'எஜே' என்றுதான் கூப்பிடுவான்.

"அதான் எஜே இதோட அழகே," என்றான். "மத்தவங்க மனசுல எடம் புடிக்கணும்."

மற்றவர்கள் மனத்தில் இடம் பிடிப்பது என் கணவருக்கு எப்போதும் எளிது. முதல் வாரம் அவர் மேட்டில் ஏறவே இல்லை. "நீயே ரெண்டு பேருக்கும் எழுதிடு சாய்கல், உனக்குத்தான் நல்லா வரும்," என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனார். என்னுடைய குறிப்பை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அவருடையதைச் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் எழுதி முடித்தேன். அவருக்கு நான்கு இதயம் வந்து பதினாறு. எனக்குப் பன்னிரண்டு. ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். யார் வீட்டில் மாவுருண்டை பொரித்தாலும் முதல் பங்கு அகாய்க்கு. ஆண் ஆசிரியர்கள் எல்லோருக்கும் 'அகாய்' என்ற பட்டம் உண்டு. ஆனால் எங்கள் பள்ளியில் பெயர் சேர்க்காமல் அகாய் என்றால் அது காசிமாலிதான். என்னிடம் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நீங்க குடுத்து வச்சவங்க."

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, தொழுவத்தின் கூரைமேல் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு முந்தைய தொழுகைக்காக அவரைக் கிடத்தியபோது இமாம் கூட்டத்தைப் பார்த்து, இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டார். "நல்ல மனுஷன்," என்று ஊரே சொன்னது. இதை எல்லோருக்கும் கேட்பார்கள், எல்லோருக்கும் இதே பதில்தான். குதிரை திருடியவனுக்கும் எங்கள் ஊர் இதைத்தான் சொல்லியிருக்கிறது. அப்படிச் சாட்சி சொன்னபிறகு அந்த மனிதரைப் பற்றி யாரும் குறை பேசக் கூடாது. பேசினால் சொன்ன சாட்சி பொய்யாகிவிடும். இந்த வழக்கம் நல்லதா கெட்டதா என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

மூன்றாம் நாள் நூர்தீன் துக்கம் கேட்க வந்தான். கையேந்தி ஓதினான், அழுதான், இறைச்சி சாப்பிட்டான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"எஜே, இந்த நேரத்துல கேக்கக் கூடாது."

"அப்ப கேக்காத."

"அகாயோட இந்த வாரக் குறிப்பு இன்னும் வரலை."

துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டதோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை, தெளிவாகத்தான் இருந்தான். மையத்தில் பேசிவிட்டே வந்திருந்தான். பயிற்சியிலிருந்து விலக மூன்று காரணங்களைத்தான் இணையத்தளம் ஏற்குமாம்: பேறுகால விடுப்பு, பணி மாறுதல், பதினான்கு நாளுக்கு மிகாத நோய். முதல் இரண்டும் பொருந்தாது. மூன்றாவதைப் பற்றி என்னிடம் ஒரு விவரம் கேட்டு வரச் சொன்னார்களாம்: இப்போதைய நிலைமை பதினான்கு நாளுக்கு மேல் நீடிக்குமா?

நீடிக்கும் என்றேன்.

"அப்ப அதுவும் பொருந்தாது எஜே," என்றான் வருத்தத்தோடு, குறித்துக்கொண்டே.

ஆகவே காசிமாலி பயிற்சியில் தொடர்ந்தார். குழு கலையாமலிருக்க, மீதி நால்வரும் முறைவைத்து வாரம் ஒருவர் அவர் பெயரில் எழுதுவது என்று நூர்தீன் ஏற்பாடு செய்தான். நான் துக்கத்தில் இருப்பதால் என் முறையை நான்காம் வாரத்துக்குத் தள்ளினான். இரண்டாம் வாரத்தை, எங்கள் குழுவிலிருந்த நகரத்துப் பள்ளிக் கணித ஆசிரியர்கள் இருவரில் ஒருவர் எழுதினார். அவர்கள் பெயர் எனக்கு இன்றும் குழம்பும். பின்ன எண்களைப் பற்றிய அந்தக் குறிப்பு வரலாற்று ஆசிரியர் பெயரில் வந்தது. அதற்கு இருபதுக்கு இருபது.

காரணம் எளிது. இறந்தவருக்கு யார் ஆலோசனை சொல்வார்கள்? ஆலோசனைப் பெட்டியைக் காலியாக விட்டால் தளம் ஏற்காது என்பதால் எல்லோரும் அதில் "நல்ல மனுஷன்" என்று எழுதினார்கள். தளம் அதைப் பாராட்டு என்று புரிந்துகொண்டது. எனக்கு மட்டும் ஆலோசனைகள் வந்தன. பத்தி பிரிக்கலாம். உணர்ச்சி போதாது. என் கணவரும் ஒன்று சொல்லியிருந்தார், இன்னும் மனம் திறந்து எழுதலாம் என்று.

மூன்றாம் வாரம் ரோசாவின் முறை. ரோசா கோச்கோர் பக்கத்துப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள், கணவனை விட்டுப் பிரிந்தவள், திரையில் பார்த்தால் கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைத் துப்பட்டா. என் கணவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அவர் பெயரில் அவள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மலை, காற்று, மாணவர்களின் கண்கள் என்று எல்லாம் இருந்தன. அதன் கீழே தன் பெயரில், "அகாய், உங்கள் எழுத்தில் கதகதப்பு இருக்கிறது" என்று எழுதி இதயம் போட்டிருந்தாள். அதோடு விட்டிருக்கலாம். அவளுடைய சொந்தக் குறிப்பின் கீழே காசிமாலி எழுதியிருந்தார்: "ரோசா, நீங்கள் பேசும்போது மலையும் நின்று கேட்கிறது."

இருபத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தேன். நான் பேசும்போது அவர் சொன்னதில் நினைவிருப்பது, "கதவச் சாத்து, குளிர் வருது."

அது அவள் எழுதியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மேட்டிலிருந்து இறங்கி வந்து அவருடைய கோட்டுப் பைகளைத் தேடினேன். ஒரு சுண்ணக்கட்டி கிடைத்தது.

அந்த வாரம்தான் ஊல்கான் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காசிமாலியின் பன்னிரண்டு வரலாற்றுப் பாடவேளைகளை யாருக்குத் தருவது என்பது பேச்சு. எனக்குப் புவியியலில் ஆறு பாடவேளைதான். பத்துக்குக் குறைந்த ஆசிரியரை இனி வைத்துக்கொள்ள முடியாது, வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய ஆணை வந்திருந்தது. நான் வரலாறும் படித்தவள். அவர் போனதால் அந்தப் பாடங்கள் எனக்கு வரும், அவர் கிடக்கும் ஊரிலேயே நானும் இருக்கலாம் என்று நம்பியிருந்தேன்.

ஊல்கான் ஒரு தாளைத் தள்ளினார். பாடவேளைகளைப் பயிற்சியின் அன்றன்றைய தரவரிசைப்படி ஒதுக்க வேண்டுமாம். வரலாற்றுக்குத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் இரண்டே பெயர். ஒன்று, காசிமாலி, முதலிடம். இரண்டு, சாய்கல், தேறவில்லை.

"அவர் எறந்துட்டார் ஊல்கான்," என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நான்தானே ரொட்டி சுட்டு அனுப்பினேன்," என்றார். "ஆனா தாள்ல மொத எடத்துல இருக்கறவர விட்டுட்டு உனக்குக் குடுத்தா, நாளைக்கு ஆய்வுக்கு வர்றவன் என்னைக் கேப்பான். அவர் வந்து பாடம் எடுக்கலைன்னா அதுக்கு யாரும் என்னைக் கேக்க மாட்டாங்க."

பாடவேளைகள் காசிமாலிக்கே ஒதுக்கப்பட்டன. ஏழாம் வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தது. பதிவேட்டில் ஆசிரியர் வருகை என்ற இடத்தில் ஊல்கான் 'இணையவழி' என்று எழுதினார். பருவம் முடிவதற்குள் நான் தேற வேண்டும், அவர் பட்டியலிலிருந்து இறங்க வேண்டும். இல்லையென்றால் சாமான்களைக் கட்ட வேண்டியதுதான்.

நான்காம் வாரம் என் முறை வந்தது. ஒரு யோசனை தோன்றியது. ஒரே குறிப்பை எழுதி, எழுத்துக்கூட மாற்றாமல் இரண்டு பெயரிலும் போட்டேன். அவருக்கு இருபது, இதயம் பெட்டியை நிறைத்தது. எனக்குப் பன்னிரண்டு. நூர்தீன் தொலைபேசியில் கூப்பிட்டான். ஏதோ சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எஜே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான். "அகாயோடத ஒரு தடவ படிச்சுப் பாருங்க. ஒரு விஷயத்த எப்படிச் சொல்லணும்னு தெரியும்."

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் தரவரிசை அறிவிக்கும் கூட்டம். ஊல்கானின் அறையில் ஒரு கணினிக்கு முன்னால் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். மையத்தின் இயக்குநர் ஷார்ஷென்பெக் திரையில் வந்தார். படக்கருவியைச் சரியாக வைக்காததால் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது. நெற்றி பேசத் தொடங்கியது. காசிமாலியின் படம் பக்கத்தில் ஒளிர்ந்தது.

"இந்த ஆசிரியரைப் பாருங்கள்," என்றது நெற்றி. "நான்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கேட்டாரா? வகுப்பறையில் கணப்பு மூட்டக் கரி இல்லை என்று புகார் எழுதினாரா? பயிற்சி எதற்கு என்று கேட்டாரா? நாங்கள் அனுப்பிய எதையும் மறுத்தாரா? உயிரோடிருக்கும் ஆசிரியர்களிடம் எனக்குள்ள மனக்குறையே இதுதான். அவர்கள் தங்கள் நிலைமையைக் காரணம் காட்டுகிறார்கள். இவருக்கும் ஒரு நிலைமை இருந்தது. அதை ஒரு தடையாக இவர் நினைக்கவில்லை. நம் மையம் இருபது வருடமாக உருவாக்க முயலும் ஆசிரியர் இவர்தான். அடுத்த ஆண்டு நம் இலக்கு, இவரைப் போல ஐந்நூறு பேர்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முன்வரிசையில் இருந்தேன், தட்டாமல் இருக்க முடியாது.

ஐயங்கள் உண்டா என்றது நெற்றி. வரலாற்றுப் பட்டியலில் அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் முன்னே வர என்ன வழி என்று கேட்டேன்.

"மேலே இருப்பவருக்கு ஆலோசனைகள் வர வேண்டும் அம்மா. பழைய குறிப்புகளுக்கும் இந்த வாரக் கடைசிவரை ஆலோசனை எழுதலாம், எத்தனை வேண்டுமானாலும். வாய்ப்பு எல்லோருக்கும் சமம்தான். ஆனால் பாருங்கள், இவரிடம் ஒருவரும் ஒரு குறையும் காணவில்லையே."

மறுநாள் நான் மேட்டில் ஏறினேன். காற்று பலமாக அடித்தது, கையுறையைக் கழற்றித்தான் எழுத வேண்டியிருந்தது. ஆலோசனைப் பெட்டி ஒன்றில் முந்நூறு எழுத்துகளே அடங்கும். எனக்கு ஏழு பெட்டி தேவைப்பட்டது.

முதல் பெட்டியில், பாடத்திட்டத்தை முடிக்கலாம் என்று எழுதினேன். ஏழாம் வகுப்பை அவர் ஒரு வருடமும் மங்கோலியப் படையெடுப்பைத் தாண்டிக் கூட்டிச் சென்றதில்லை. இந்த ஊரில் முப்பத்தெட்டு வயதுக்குக் கீழிருக்கும் எல்லோருக்கும் உலகம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நின்றுபோயிருக்கிறது. இரண்டாவதில், எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போடுவதைக் குறைக்கலாம் என்று எழுதினேன். மூன்றாவதில், ஆசிரியர் அறையில் எல்லாப் பெண்களின் மாவுருண்டையையும் அருமை என்றவர், என்னுடையதையும் அதே குரலில் அருமை என்றார், குரலை மாற்றியிருக்கலாம். நான்காவதில், சதுரங்கத்தில் வைத்த காயைத் திரும்ப எடுப்பார். ஐந்தாவது பூட்ஸ் பற்றியது. சேற்றோடு கம்பளத்தில் நடப்பார்.

அதற்குள் நான் பயிற்சியை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆறாவதில், மருத்துவர் கனம் தூக்காதே என்றதை என்னிடம் மறைத்ததை எழுதினேன். சட்டைப்பையிலிருந்த சீட்டை அடக்கம் முடிந்து நான்காம் நாள்தான் பார்த்தேன். ஏழாவது பெட்டி சின்னது. 'தேநீர் வை, இதோ வர்றேன்' என்றார். வைத்தேன். வந்திருக்கலாம்.

அனுப்பினேன். 'நன்றி. உங்கள் ஆலோசனை ஆசிரியருக்குச் சேர்க்கப்பட்டது' என்று தளம் காட்டியது.

மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் பேச்சை ரொட்டி விலைக்கு மாற்றினார்கள். என் நாத்தனார் கூப்பிட்டாள்.

"ஊரே நல்ல மனுஷன்னு சாட்சி சொல்லுச்சு. பொண்டாட்டி நீ ஒருத்திதான் இல்லங்கற."

"நான் எங்க இல்லன்னேன்? பூட்ஸத் தொடைக்கலன்னுதான் சொன்னேன்."

"நாப்பது நாள் முடியறதுக்குள்ள பூட்ஸ் ஞாபகம் வருதா ஒனக்கு?"

எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வைத்துவிட்டாள்.

அதன் பிறகு ரோசா கூப்பிட்டாள். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"எஜே, நெஜமாவே மங்கோலியர்களத் தாண்டலையா?"

"தாண்டல."

"ஒரு வருஷங்கூடவா?"

"ஒரு வருஷம் கிட்ட வந்தார். அப்புறம் பனி விழுந்து பள்ளிக்கூடத்த மூடிட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். அந்த ஐந்து வாரத்தில் நானும் அப்போதுதான் சிரித்தேன். பிறகு அவள், தான் எழுதியதில் இருந்தது வேறு யாரோ என்றும், அப்படி ஒருவர் தன்னிடம் பேச மாட்டாரா என்று எழுதிக்கொண்டது என்றும் சொன்னாள். மன்னித்தேன் என்று சொன்னேன். முழுக்க மன்னிக்கவில்லை. அந்த மலை வரியை அவள் நீக்கவில்லை.

ஆனால் ஒருவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களுக்கும் திறக்கும் போலிருக்கிறது. சொந்த மனைவியே சொன்னபிறகு குறை சொல்வது சாட்சியை மீறுவதாகாது என்று கணித ஆசிரியர்கள் முடிவு செய்து, பின்ன எண்கள் பற்றிய குறிப்புக்கு ஆறு ஆலோசனைகள் எழுதினார்கள். அதை எழுதியதே அவர்களில் ஒருவர்தான். ரோசா பூட்ஸை வழிமொழிந்தாள். தன் மலையில் தானே குறை கண்டு இன்னும் நான்கு எழுதினாள். வாரக் கடைசியில் காசிமாலி தேர்ச்சிக்குக் கீழே, அறுபதில் நின்றார்.

எனக்கும் அறுபதுதான் வந்தது. ஆனால் ஏழு பெட்டிகள் மையத்தின் கண்ணில் பட்டுவிட்டன. 'ஆண்டின் மிக நேர்மையான பின்னூட்டம்' என்று ஒரு பதக்கமும் பத்து மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். சக ஆசிரியரின் வளர்ச்சியில் இவ்வளவு அக்கறை காட்டியதற்கு ஷார்ஷென்பெக் கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்பினார். காசிமாலி இந்த ஆலோசனைகளை ஏற்று விரைவில் முன்னேறுவார் என்று நம்புவதாகவும் அதில் இருந்தது.

சரியாக எழுபது. பன்னிரண்டு பாடவேளைகளும் எனக்கு வந்தன. ஏழாம் வகுப்பில் போய் நின்றேன். எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

மறு வாரம் நூர்தீன் கூப்பிட்டான். தேறாதவர்களைத் தளம் தானாகவே அடுத்த பயிற்சியில் சேர்த்துவிடுமாம். காசிமாலி புதிய குழுவில் இருக்கிறார். தலாஸ் பக்கத்துப் பாலர் பள்ளி ஆசிரியைகள் நான்கு பேர். இறந்த விஷயம் அவர்களுக்குத் தெரியாது. தளத்திலும் அதைக் குறிக்க இடமில்லை.

"நாலும் பொம்பளைங்களா?" என்றேன்.

"ஆமா எஜே. ஒருத்தர் இப்பவே இதயம் போட்டுட்டாங்க, அறிமுகத்துக்கே. அகாய் பேர்ல எழுத ஆள் தேடிட்டிருக்கேன்."

"தேடாத. கடவுச்சொல்ல எங்கிட்டக் குடு."

அவனுக்கு ஒரு வேலை மிச்சம். உடனே அனுப்பினான்.

முதல் வாரக் கேள்வி: உங்கள் முதல் வகுப்பில் உங்களுக்குத் துணையாக இருந்தது எது? மேட்டில் உட்கார்ந்து, அவர் பெயரில் எழுதினேன்: "முதல் நாள் எனக்குக் குரலே எழவில்லை. மரப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த புவியியல் ஆசிரியை ஆறுகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நானும் தொடங்கினேன். அவள் பிறகு என் மனைவியானாள். இருபத்தாறு வருடமும் சுவருக்கு அப்பால் அவள் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பாடத்தைத் தொடங்கினேன்."

இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அப்படி நடந்ததா என்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் மேட்டில் ஏறிப் பார்த்தேன். நான்கு இதயம் வந்திருந்தது. மூன்று பேர் பத்தி பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். நான்காவது பெண் பாராட்டில், படித்துக் கண் கலங்கியது என்று எழுதியிருந்தாள். ஆலோசனைப் பெட்டியில் ஒரே வரி: "இதை வீட்டில் உங்கள் மனைவியிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள் அகாய்."

அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். சரியென்று ஏற்றுக்கொள்கிறீர்களா என்று தளம் கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன்.